கரையில் நின்றாலும் ஓயாத எஞ்சின்: வயசான பூனை ஏன் மெலிகிறது?

பாம்பன் தெற்குவாடியிலிருந்து ஒரு அக்கா போன மாதம் கேட்டார்: "எங்க வீட்டுப் பூனைக்கு 14 வயசு ஆகுது தம்பி. முன்னைவிட அதிகமாத்தான் தின்னுது. ஆனா முதுகைத் தடவினா எலும்பு கையில தட்டுது. பக்கத்து வீட்டுல கண்ணு பட்டுருச்சுங்கிறாங்க. நம்ம வீட்டுல வயசானா அப்படித்தான்ங்கிறாங்க. எது சரி?"

இரண்டும் சரியில்லை. 14 வயதுப் பூனை மனிதக் கணக்கில் 70ஐத் தாண்டியது, உண்மைதான். ஆனால் நன்றாகத் தின்றுகொண்டே மெலிகிறது என்றால் அதற்கு உடம்புக்குள் ஒரு காரணம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளப் பூனையின் கல்லீரலுக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த உயிரியல் சங்கதிகளில் இதைப் போல என்னைக் கவர்ந்தது அதிகமில்லை.

பள்ளிப்பாடம் நினைவிருக்கும். தின்ற மீன் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்து, இரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்குப் போகிறது. அதில் ஒரு பங்கு தசை கட்டப் போகும். மீதியிலிருந்து கல்லீரல் நைட்ரஜனைக் கழற்றி யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். எஞ்சுகிற கார்பன் சட்டத்தைக் குளுக்கோஸாக மாற்றி எரிபொருளாக்கும். இந்தக் கழற்றுகிற வேலையைச் செய்வது நொதிகள். இதுவரை நமக்கும் பூனைக்கும் ஒரே கதைதான்.

நாம் நான்கு நாள் வெறும் கஞ்சியும் ஊறுகாயுமாக ஓட்டினால் என்ன நடக்கும்? உள்ளே வரும் புரதம் குறைவு என்று தெரிந்ததும் நம் கல்லீரல் அந்த நொதிகளைக் குறைத்துக்கொள்ளும். கிடைக்கிற கொஞ்சப் புரதத்தை எரிக்காமல் சேமிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளை நங்கூரமிட்டு எஞ்சினை அணைத்து வைக்கிறோமே, அப்படி. தொழில் இல்லாத நாளில் டீசலை எரிப்பானேன்?

பூனையின் கல்லீரலுக்குத் தடைக்காலம் கிடையாது. 1977-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ரோஜர்ஸ், மாரிஸ், ஃப்ரீட்லேண்ட் என்ற மூவர், சில பூனைகளுக்குப் புரதம் மிகுந்த உணவும் சில பூனைகளுக்குப் புரதம் குறைந்த உணவும் கொடுத்து, கல்லீரல் நொதிகளை அளந்து பார்த்தார்கள். எலியிலோ நம்மிலோ பெரிய வித்தியாசம் தெரிந்திருக்கும். பூனையில் நொதிகள் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தன. படகு கரையில் நின்றாலும் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. டீசல் தீர்ந்தால்? படகின் பலகையையே பிடுங்கி எரிக்க ஆரம்பிக்கும். பூனைக்கு அந்தப் பலகை அதன் தசை. முதுகெலும்பின் இருபுறமும், தொடையிலும், தோளிலும் இருக்கிற சதைதான் முதலில் கரையும். பிற்பாடு நடந்த ஆய்வுகள், போதிய புரதம் கிடைக்கும்போது பூனையும் ஓரளவு கூட்டிக் குறைத்துக்கொள்கிறது என்று காட்டின. ஆனால் அதற்குத் தேவையான அடிமட்ட அளவே மிக உயரத்தில் இருக்கிறது. அமெரிக்கத் தீவன அளவுகோலின்படி, ஈரம் போக, வளர்ந்த நாயின் உணவில் குறைந்தது 18 சதவீதம் புரதம் வேண்டும். பூனைக்கு 26.

ஏன் இப்படி ஓர் அணைக்கத் தெரியாத எஞ்சின்? பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. அது வாழ்ந்த பாலையில் சோறும் இல்லை, கிழங்கும் இல்லை. ஒரு நாளைக்கு எட்டுப் பத்துச் சுண்டெலி, அவ்வளவுதான் சாப்பாடு. மூளைக்கு வேண்டிய குளுக்கோஸை அந்த எலியின் சதையிலிருந்தேதான் செய்துகொள்ள வேண்டும். அதனால் எஞ்சின் எப்போதும் தயார் நிலையில் இருப்பது அதற்கு லாபம். புரதமே இல்லாத சாப்பாடு என்ற ஒன்று அதன் உலகத்தில் வரவே இல்லை. இனிப்புச் சுவையை உணரும் மரபணுகூடப் பூனையில் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005-ல் கண்டுபிடித்தார்கள்.

இதே எஞ்சினில் இன்னொரு விசித்திரமும் உண்டு. நைட்ரஜனை யூரியாவாக்கும் சக்கரம் சுழல ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் வேண்டும். நம் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும். பூனையால் போதிய அளவு செய்ய முடியாது. ஆர்ஜினினை மட்டும் நீக்கிவிட்டு மற்ற எல்லா அமினோ அமிலமும் இருக்கிற ஒரே ஒரு வேளை உணவு கொடுத்தால் போதும், சில மணி நேரத்தில் இரத்தத்தில் அம்மோனியா ஏறிப் பூனை சுருண்டுவிடும். ஒரு வேளை! எந்த அளவுக்கு இறைச்சியை நம்பி இந்த உடம்பு கட்டப்பட்டிருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். மீனிலும் கறியிலும் ஆர்ஜினின் தாராளம் என்பதால் வீட்டுப் பூனைக்கு அந்தப் பயம் வேண்டாம்.

சரி, வயசான பூனைக்கு வருவோம். எஞ்சின் அதே வேகத்தில் ஓடுகிறது, ஆனால் உள்ளே வரும் டீசல் குறைகிறது. 12 வயதைத் தாண்டிய பூனைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்குக் கொழுப்பு சரியாகச் செரிப்பதில்லை. 14 வயதுக்கு மேல் ஐந்தில் ஒன்றுக்குப் புரதமும் சரியாகச் செரிப்பதில்லை. பல் ஆடுகிறது, மோப்பம் மங்குகிறது. "வயசானா வாயைக் கட்டணும்" என்பது நமக்குப் பொருந்தலாம். முதுமையேறிய பூனைக்குத் தேவை குறைவதில்லை, கூடுகிறது.

நம் கரையோர வீடுகளில் என்ன செய்கிறோம்? சோற்றில் மீன் குழம்பை ஊற்றி, தலையும் முள்ளுமாகப் பிசைந்து வைக்கிறோம். பல் போன பூனை முள்ளை ஒதுக்கிவிட்டுக் குழம்புச் சோற்றை மட்டும் நக்கும். 100 கிராம் அரிசியில் புரதம் ஏழெட்டுக் கிராம்தான். வயிறு நிறைகிறது, தசை கரைகிறது. போதாக்குறைக்குக் குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

வலையில் சேர்ந்து வரும் விலைபோகாத பொடிமீனான சங்காயத்தை அப்படியே பச்சையாக அள்ளிப் போடுவதும் வேண்டாம். சூடை, நெத்திலி இனங்களில் பலவற்றின் பச்சைச் சதையில் தயமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். வாரக்கணக்கில் அதையே தின்கிற பூனை பசியிழந்து, தலை கவிழ்ந்து, தள்ளாடும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து, முள்ளை எடுத்துவிட்டுக் கொடுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். கண்ணுக்கும் இதயத்துக்கும் பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்தில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும். கருவாடு கூடவே கூடாது, வயசான சிறுநீரகத்துக்கு அந்த உப்பு ஆகாது. மீன் மட்டுமே போதும் என்றும் நினைக்க வேண்டாம். கோழி, முட்டை, முடிந்தால் பூனைக்கென்றே டாரின் சேர்த்துச் செய்த ஈர உணவு, இப்படி மாற்றி மாற்றி நாலைந்து தடவையாகக் கொடுப்பது நல்லது. கொஞ்சம் வெதுவெதுப்பாக, அப்போது பிடித்த சுண்டெலியின் உடல் சூட்டுக்கு இருந்தால், மணம் எழுந்து மங்கிய மூக்குக்கும் எட்டும்.

ஆனால் அக்காவின் பூனை "அதிகமாத்தான் தின்னுது" என்றாரே, அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அதிகம் தின்று மெலிவதற்குச் சர்க்கரை நோய், குடல் நோய் என்று பல காரணம் உண்டு. வயசான பூனையில் முதலில் நினைக்க வேண்டியது தைராய்டு. கழுத்திலிருக்கும் அந்தச் சுரப்பி வீங்கி ஹார்மோனை அள்ளிக் கொட்டும். ஏற்கெனவே அணையாத எஞ்சினுக்கு ஆக்சிலேட்டரையும் மிதித்தது போல. பூனைகளின் இந்த நோயை 1979-ல்தான் நியூயார்க்கில் முதன்முதலாக விவரித்தார்கள். இன்று பத்து வயதைத் தாண்டிய பூனைகளில் மிகச் சாதாரணமாகக் காணும் ஹார்மோன் நோய் இது. இதயம் படபடக்கும், வாந்தி வரும், நிலைகொள்ளாமல் அலையும், இரவில் கத்தும்.

ராத்திரி பூனை அழுதால் வீட்டுக்கு ஆகாது என்று துரத்துகிறோம். எங்கள் வீட்டிலும் சின்ன வயதில் ஒரு கிழப்பூனையை அப்படித்தான் தண்ணீர் ஊற்றி விரட்டினோம். அது தன் நோயைத்தான் சொல்லியிருக்கும் என்று இப்போது நினைத்தால் மனசு கனக்கிறது. கண் பட்டதாகச் சொல்லி எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுகிற செலவும் நாளும் ஓர் இரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தால் எத்தனை பூனைகள் பிழைத்திருக்கும். தைராய்டுக்கு மாத்திரை இருக்கிறது. மனிதர்களுக்குக் கொடுக்கும் அதே மருந்துதான், அளவு மட்டும் கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டும். சிறுநீரகம் கெட்டிருந்தால் சாப்பாட்டுக் கணக்கே வேறு என்பதால், நாமாக முடிவு செய்யாமல் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் இருந்தது நம் மண்டபம் ஊரில்தான். மீனைப் பற்றி இவ்வளவு அறிந்த ஊர் இது. பூனை உணவு ஆராய்ச்சியில் பெரும்பகுதி தீவன நிறுவனங்களின் காசில், அவர்களுடைய பாக்கெட் உணவை வைத்தே நடக்கிறது. காரலும் சூடையும் தின்று வளரும் பூனைகளுக்காக அரசு கொஞ்சம் பணம் ஒதுக்கி ஆய்வு செய்தால், அது ஏழை வீட்டுப் பூனைக்கும் பயன்படும்.

அக்காவுக்கு நான் முதலில் சொன்னது எடை போடச் சொல்லித்தான். கண்ணால் பார்த்து நம்பினால் ரோமம் ஏமாற்றும். நாலு கிலோப் பூனையில் 200 கிராம் குறைந்தால், 60 கிலோ ஆள் மூன்று கிலோ இளைத்த மாதிரி. மீன் நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசில் பிளாஸ்டிக் கூடையை வைத்து, பூஜ்யமாக்கி, பூனையை உட்கார வைக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே தராசில், காலண்டரில் எழுதி வைக்க வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து ஒன்றுமே தின்னவில்லை என்றால் காத்திருக்கவே கூடாது. உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய் அடைத்துக்கொள்ளும், அதுவும் குண்டுப் பூனையாக இருந்தால் இன்னும் ஆபத்து.

முதல் எடை 2 கிலோ 900. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைராய்டுதான். காலையும் மாலையும் வெந்த பாறை மீன் துண்டுக்குள் மாத்திரையை ஒளித்துக் கொடுக்கிறார் அக்கா. நேற்றுப் பேசும்போது காலண்டரைப் பார்த்துச் சொன்னார்: "3 கிலோ 50 தம்பி. ராத்திரி கத்துறதும் நின்னுருச்சு."