கட்டடம் ஏறாத வயல்

கோவை லாலி ரோடு பக்கம் போகிறவர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகம் என்றால் சிவப்புக் கட்டடமும் மரங்களும்தான். 1868ல் சைதாப்பேட்டையில் பள்ளியாகத் தொடங்கி, 1906ல் கோவைக்கு வந்து, 1971ல் பல்கலைக்கழகமானது. விடுதி, ஆய்வகம் என்று வளாகம் வளர்ந்துகொண்டே போனது. ஆனால் 1909ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் இன்னும் வயலாகவே இருக்கிறது. என்னைக் கேட்டால் வளாகத்தின் பெரிய சொத்து அதுதான்.

சோதனை எளிமையானது. பக்கத்துப் பக்கத்துப் பாத்திகள். ஒன்றுக்கு உரமே கிடையாது. ஒன்றுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) மட்டும். இன்னொன்றுக்கு அதோடு மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) சேர்த்து. வேறொன்றுக்குத் தொழுவுரம். எந்தப் பாத்திக்கு எதுவோ, வருடா வருடம் அதுவேதான்.

இதற்கு எதற்கு நூறு வருடம்? கோவை மலை மறைவில் இருக்கும் ஊர். ஒரு வருடம் வடகிழக்குப் பருவமழை கொட்டும், மறு வருடம் பொய்த்துவிடும். விளைச்சல் குறைந்தது மழையாலா உரத்தாலா என்று நாலைந்து வருடக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. மண்ணும் மெதுவாகத்தான் மாறும். நம் வெயிலில் தொழுவுரத்தை நுண்ணுயிர்கள் வேகமாகத் தின்றுவிடுகின்றன. அதிலுள்ள கரிமத்தில் பெரும்பகுதி கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடும். மிஞ்சும் கொஞ்சம்தான் களிமண் துகள்களோடு ஒட்டி மண்ணில் தங்கும். அந்தக் கொஞ்சம் அளவிடும்படி சேரப் பல வருடம் ஆகும். தழைச்சத்தை மட்டுமே போட்டுக்கொண்டிருந்தால், பயிர் மற்ற சத்துகளை மண்ணின் கையிருப்பிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். கையிருப்பு கரைந்த பிறகுதான் குறை வெளியே தெரியும்.

இப்படி ஒரு வயல் இருந்தால் சுற்றுப்புறமும் அதற்குத் தக்கபடிதான் அமைய வேண்டும். மரத்தின் வேர் கிளைகளின் விரிவைத் தாண்டியும் ஓடி நீரையும் சத்தையும் இழுத்துக்கொள்ளும். நிழல் விழுந்த பக்கம் பயிர் மெலியும். அதனால் சோதனைப் பாத்திகளை ஒட்டிப் பெரிய மரம் வைக்கக் கூடாது. உழும்போது ஒரு பாத்தி மண் அடுத்ததில் கலக்கும் என்பதால் வரப்போரப் பயிரைக் கணக்கில் சேர்க்காமல் நடுவில் விளைந்ததை மட்டும் எடுப்பார்கள்.

சரி, இங்கே கட்டடம் கட்ட வேண்டுமென்றால் மேல்மண்ணை அள்ளி வேறிடத்துக்குக் கொண்டுபோனால் ஆகாதா? ஆகாது. அள்ளும்போதே அடுக்குகள் குலைந்துவிடும், அடிமண்ணும் வேறாகிவிடும். அப்புறம் முதல் வருடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.