மவுத்வாஷ் விட்டுப்போகும் கறை

"ரெண்டு வேளையும் பல் தேய்க்கிறேன் டாக்டர், அப்புறம் எப்படி இந்தக் கறை?" கீழ்ப்பற்களின் உள்பக்கம் முழுக்கப் பழுப்புக் கோடுகள். புகைப்பழக்கம் இல்லை. ஈறு சிகிச்சையின்போது எழுதிக் கொடுத்த மவுத்வாஷ் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "வாய் ஃப்ரெஷ்ஷா இருந்தது, விடவே இல்லை" என்றார். 15 நாளுக்குக் கொடுத்ததை 3 மாதம் கொப்பளித்திருக்கிறார்.

அந்த பாட்டிலில் இருந்தது குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி. 1970-இல் ஹரால்ட் லோவும் ஷியோட்டும் வெளியிட்ட ஆய்வில், 0.2% கரைசலால் தினம் இருமுறை கொப்பளித்தவர்கள் பல் தேய்க்காமலேயே பற்படலமும் (பல்லில் படியும் கிருமிப் படலம்) ஈறு வீக்கமும் இல்லாமல் இருந்தார்கள். காரணம், அது பல்லில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்வதுதான்.

கறைக்கும் அந்த ஒட்டும் குணமே காரணம். குளோர்ஹெக்சிடின் மூலக்கூறின் இரு முனைகளிலும் நேர்மின்னூட்டம் உண்டு. ஒரு முனை பல்லைப் பிடித்துக்கொள்ள, மறுமுனை தேநீர், காபி, சிவப்பு ஒயினில் இருக்கும் நிறப்பொருள்களை இழுத்துக்கொள்கிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஆய்வகத்தில் அக்ரிலிக் துண்டுகளை உமிழ்நீர், மவுத்வாஷ், தேநீர் என்று மாற்றி மாற்றி முக்கி, எவ்வளவு கருக்கிறது என்று அளந்தே மருந்தின் வீரியத்தைச் சோதித்திருக்கிறார்கள். கறையே போடாது என்ற விளம்பரத்தைப் பார்த்தால், வீரியமும் இருக்குமா என்று எனக்குச் சின்ன சந்தேகம் வருவது இதனால்தான்.

அதற்காகக் கறை தெரிந்ததும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். சொன்ன நாள்வரை போதும், அதற்கு மேல் ஒரு நாளும் வேண்டாம். காலைத் தேநீரை முதலில் குடித்துவிட்டு அப்புறம் கொப்பளியுங்கள். அடுத்த கோப்பைக்கு ஒரு மணி நேரமாவது போகட்டும். பேஸ்ட் விஷயத்திலும் கவனம் தேவை. நுரைக்காகப் பல பேஸ்ட்டுகளில் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் எதிர்மின்னூட்டம் கொண்டது, மருந்தை முடக்கிவிடும். பல் தேய்த்து அரை மணி நேரமாவது கழித்தே கொப்பளிக்க வேண்டும். நாக்கில் சுவை மாறித் தெரிந்தால் பயப்பட வேண்டாம், மருந்தை நிறுத்தியதும் சரியாகும்.

இந்தக் கறை எனாமலுக்குள் இறங்குவதில்லை. அவருக்கு ஒரே அமர்வில் ஸ்கேலிங், பாலிஷிங் செய்ததும் பற்கள் பழைய நிறத்துக்கு வந்துவிட்டன. முன்பல்லில் இருந்த பழைய ஃபில்லிங்கின் ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய கோடு நின்றது. அந்த ஃபில்லிங்கை மாற்ற வேண்டியதாயிற்று.