சர்வரில் நீண்ட வேலையா? முதலில் டிமக்ஸைத் திறந்துவிடுங்கள்

தொலைவிலுள்ள லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பதே என் அன்றாட வேலை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, வீட்டிலிருந்தபடியே எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக உள்ளே நுழைந்து, பெரிய மைஎஸ்க்யூஎல் பேக்கப் ஒன்றைப் புதிய தரவுத்தளத்தில் ஏற்றத் தொடங்கினேன். இரண்டு மணி நேரம் கழித்துத் தெருவில் கரண்ட் போனது. மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்க, ரவுட்டர் மட்டும் அணைந்துவிட்டது. பதிலளிக்காத இணைப்பைச் சில நிமிடங்களில் துண்டித்துவிடும்படி அந்தச் சர்வரை அமைத்தவனும் நான்தான். மறுபடி நுழைந்து பார்த்தபோது, அட்டவணைகளில் பாதி இருந்தன, மீதியைக் காணவில்லை.

இணைப்பு அறுந்ததும் சர்வர் அந்த முனையத்தை மூடிவிடுகிறது. அப்போது 'சிக்ஹப்' என்ற சமிக்ஞை, நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான ஷெல்லுக்குப் போய், அதன் கீழ் ஓடும் கட்டளைகளையும் எட்டுகிறது. அதைப் பெற்ற நிரல், வேறு ஏற்பாடு இல்லையென்றால், அங்கேயே முடிந்துவிடும். தொலைபேசி வழியாக முனையங்கள் இணைந்திருந்த காலத்தில், மறுமுனையில் ரிசீவரை வைத்துவிட்டார்கள் என்பதைத் தெரிவிக்க வந்த பெயர் அது.

டிமக்ஸ் இந்தச் சங்கிலியை நடுவில் வெட்டிவிடுகிறது. அதை முதன்முதலில் இயக்கும்போது சர்வரிலேயே ஒரு பின்னணி நிரல் எழுந்து, நம் ஷெல்களைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறது. நாம் காணும் திரை அதை எட்டிப் பார்க்கும் சன்னல் மட்டுமே என்பதால், சன்னல் மூடியது உள்ளிருக்கும் ஷெல்லுக்குத் தெரிவதேயில்லை. 1987-இல் வந்த குனு ஸ்கிரீனும் இதே வேலையைச் செய்வதுதான். நிக்கோலஸ் மாரியட் 2007-இல் வெளியிட்ட டிமக்ஸ், 2009-இல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் அடிப்படைத் தொகுப்பிலேயே இடம்பிடித்தது. சிக்ஹப்பைப் பொருட்படுத்தாமல் ஒரு நிரலை ஓடவிடும் நோஹப் கட்டளை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வேலை நடுவில் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் கேட்டு நின்றால், நோஹப்பில் விட்டதற்குப் பதில் சொல்ல வழியில்லை.

'டிமக்ஸ் நியூ -எஸ் ரீஸ்டோர்' என்று அமர்வுக்குப் பெயரிட்டே தொடங்குங்கள். பெயரிடாவிட்டால் 0, 1, 2 என்று எண்கள்தான் விழும், மறுநாள் எது எதற்கென்று நினைவிருக்காது. கண்ட்ரோலையும் பி-யையும் சேர்த்து அழுத்திவிட்டு இரட்டை மேற்கோள் குறியைத் தட்டினால் திரை மேல் கீழாகப் பிரியும். நான் மேலே ஏற்றும் வேலையையும், கீழே வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்பதையும் வைத்துக்கொள்வேன். அதே முன்விசைக்குப் பின் 'டி' (d) அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். 'டிமக்ஸ் அட்டாச் -டி ரீஸ்டோர்' (இங்கே 'டி' என்பது t) என்றால், அலுவலகக் கணினியிலிருந்தும் விட்ட இடத்திலேயே தொடரலாம்.

ஆனால் இது எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. சர்வரே ரீபூட் ஆனால் அமர்வுகளும் போய்விடும். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 2016-இல் வந்த 230-ஆம் பதிப்பு, பயனர் வெளியேறியதும் அவருடைய நிரல்கள் அனைத்தையும் கொல்வதை இயல்பாக்கியது; பல லினக்ஸ் விநியோகங்கள் அதை மாற்றி வைத்திருந்தாலும், புதிய சர்வரில் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. பின்னோக்கிப் பார்க்கக் கிடைப்பதும் இயல்பாக 2000 வரிகள்தான். திரையைப் பிரித்து ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சர்வரைத் திறந்து, எல்லாப் பகுதிகளிலும் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யும் வசதியை இயக்கிவிட்டு அணைக்க மறந்தவர், ஒரு சர்வருக்கான அழிப்புக் கட்டளையை நான்கு சர்வர்களுக்கும் கொடுத்துவிடுவார்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, மறந்துபோன அமர்வுகள். பலரும் ஒரே கணக்கில் நுழையும் சர்வர் ஒன்றில் ஒருநாள் 'டிமக்ஸ் எல்எஸ்' கொடுத்தேன். மூன்று வாரங்களுக்கு முன் தொடங்கிய அமர்வு ஒன்று பட்டியலில் இருந்தது. இணைந்து பார்த்தால், யாரோ சூடோ கட்டளை வழியாக, எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் கணக்குக்கு மாறி, வேலையை முடித்து, ஷெல்லை மூடாமலே போயிருந்தார். கடவுச்சொல் எதுவும் கேட்காமல் ரூட்டின் கட்டளைக்காக நிற்கும் '#' குறி அங்கே காத்திருந்தது.