செல்லுக்கும் கலத்துக்கும் நடுவே ஒரு பிள்ளை

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை, தரம் 7, விஞ்ஞான பாடம். ஆசிரிய ஆலோசகர் என்ற முறையில் கடைசி வாங்கில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் கரும்பலகையில் ‘கலம்’ என்று எழுதி, உயிரினங்களின் அடிப்படை அலகு அதுதான் என்று விளக்கிக்கொண்டிருக்க, எனக்கு முன்னால் இருந்த பிள்ளை கொப்பியில் பாய்மரத்தோடு ஒரு கப்பல் வரைந்துகொண்டிருந்தாள். பாடத்தைக் கவனிக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். இடைவேளையில் கேட்டால், “கலம்னா கப்பல்தானே சார், மரக்கலம்” என்கிறாள். கவனித்துத்தான் வரைந்திருக்கிறாள். அவள் அதுவரை படித்த புத்தகத்தில் அந்த அலகுக்குப் பெயர் ‘செல்’.

தமிழ்நாட்டு அகதி முகாம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா பாட்டி 1977 இனக்கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் போய், 90இல் யுத்தம் மறுபடி பிடித்தபோது ராமேஸ்வரத்துக்குப் படகேறி, அங்கிருந்து முகாம், இப்போது பேத்தி திரும்பிவந்து பெரியம்மாவின் லயத்தில் (தோட்ட வரிசை வீட்டில்) இருக்கிறாள். மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய் அங்கிருந்து கடல் தாண்டிய குடும்பங்கள் நிறையவே இருப்பதால், இப்படி ஒன்றிரண்டு பிள்ளைகள் நம் வகுப்புகளுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

ஆசிரியர்களிடம் பேச்சைத் தொடங்கினால் முதலில் வரும் பதில், “தமிழ்ப் பிள்ளைதானே சேர், என்ன கஷ்டம்?” என்பதுதான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. வேற்று மொழிப் பிள்ளை வந்தால் எல்லோருக்கும் உடனே தெரியும், ஏதாவது செய்வோம். இந்தப் பிள்ளை நம்மைப்போலவே பேசுகிறது, அதனால் புரியாமல் முழிப்பது மந்தம் என்று எழுதப்பட்டுவிடுகிறது. நாம் மூலகம் என்கிறோம், அங்கே தனிமம். நமக்குச் சேர்வை, அவர்களுக்குச் சேர்மம். அமுக்கம் அங்கே அழுத்தம், ஒட்சிசன் அங்கே ஆக்சிஜன், அட்சரகணிதம் அங்கே இயற்கணிதம். கொப்பியை நோட்டு என்றும் அடிமட்டத்தை ஸ்கேல் என்றும் சொல்லப்போய் முதல் வாரமே வகுப்பு சிரித்துவிட்டால், அப்புறம் அந்தப் பிள்ளை வாயைத் திறக்குமா?

சிங்களம் வேறு இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் கொஞ்சம் காதில் விழுந்திருக்கும், இவர்களுக்கு அந்த எழுத்தே புதிது. அங்கே வருடம் ஜூனில் தொடங்கும், இங்கே ஜனவரியில், ஆகவே எந்தத் தரத்தில் சேர்ப்பது என்பதிலேயே இழுபறி. அங்கே டிசி, இங்கே விடுகைப் பத்திரம். பிறப்பைத் தூதரகத்தில் பதிந்து குடியுரிமை எடுத்தாகிவிட்டதா என்ற கேள்வி வேறு. நம் நாட்டில் 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி. கடதாசி வந்து சேரும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்கச் சொல்லும் அதிபர்களுக்கு இதை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் இன்னொரு பாடசாலையில், இப்படித் திரும்பிவந்த ஒரு பையனிடம் வகுப்புக்கு நடுவில் வைத்து, கையில் கோப்போடு, ‘எப்படி வந்தீங்க, பிளேனிலா படகிலா, அப்பா என்ன செய்றார்’ என்று ஆசையாகத்தான் கேட்டேன். பையன் விறைத்துப்போய் எழுந்து நின்று, முகாமின் பெயர், குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர் என்று ஒப்பித்தான். முகாமில் அதிகாரி வந்து ஆள் கணக்கெடுக்கும் நாளில் ஒவ்வொருவரும் நேரில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் உதவித்தொகையில் கை வைப்பார்கள் என்று பிறகு அவன் அம்மா சொன்னார். கோப்பு தூக்கிய ஆளைக் கண்டால் அவனுக்கு அதுதான். அன்றிலிருந்து அவன் வகுப்புத் தோழர்களுக்கு ‘இந்தியாக்காரன்’ ஆனான், அந்தப் பட்டத்துக்கு வழி போட்டுக் கொடுத்தவன் நான். அங்கே அவனை ‘சிலோன்காரன்’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து திருட்டுத்தனமாக வந்தவர்கள் என்று நம் தாத்தாக்களைக் கள்ளத்தோணி எனக் கூப்பிட்ட ஊரில், நம் பிள்ளைகள் வாயில் இது வருகிறதே என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சரி, ஆசிரியருக்கு என்ன பயிற்சி கொடுக்கிறோம்? நான் போன ஒரு செயலமர்வில் காலை முழுக்க மூளைப் படம் போட்டு மனவடு (ட்ரோமா) பற்றிய விரிவுரை, பத்து மணிக்கு டீயும் ரோல்ஸும், மூன்று மணிக்குச் சான்றிதழ். பக்கத்தில் இருந்த டீச்சர் என்னிடம், “திங்கட்கிழமை முதலாம் பாடத்தில் நான் என்ன செய்யணும்னு யாருமே சொல்லலையே” என்றார். நியாயம்தான். உளவியல் முதலுதவிக்கு உலக சுகாதார நிறுவனம் 2011இல் போட்ட கைநூலின் சாரம் மூன்றே சொல்: பார், கேள், இணை. ஆசிரியருக்கு அந்த அளவு போதும். நோண்டிக் கேட்டுக் கதையை வாங்குவது அவர் வேலையில்லை, பிள்ளை தானாகச் சொன்னால் கேட்பதும், தேவைப்பட்டால் உரிய ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும்தான் வேலை.

ஆசிரியரின் மனக்கஷ்டத்தை யார் காதுகொடுத்துக் கேட்பது என்பதை நாம் யோசிப்பதேயில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தபோது பாடசாலைக்குக் கிளம்பியிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். சிலருக்குத் திரும்பிப்போக லயமும் இல்லை, பெற்றோரும் இல்லை. அப்படியான பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் மறுபடி வரவு இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடுவது எப்படி இருக்கும்? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர் தன் வீட்டை இழந்து, இரவில் நிவாரண முகாமிலும் பகலில் வகுப்பிலுமாக நாளைத் தள்ளினார். அவரிடம் பாடக்குறிப்பு எங்கே என்று கேட்டவர்கள் உண்டு.

நாங்கள் இப்போது செய்வது சின்ன விஷயம். அடுத்தடுத்த மூன்று பாடசாலைகளின் ஆசிரியர்கள் பதினைந்து நாளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை, மணி அடித்த பிறகு ஒரு மணித்தியாலம் உட்காருகிறோம். கோப்பு கிடையாது, மேலிடத்துக்கு அறிக்கை கிடையாது, ஒருவர் ஒரு பிள்ளையைப் பற்றி (பெயர் சொல்லாமல்) பேசுவார், மற்றவர்கள் தங்கள் வகுப்பில் எது சரிவந்தது என்று மட்டும் சொல்வார்கள். அறிவுரைக்குத் தடை. நெருக்கடிச் சூழலில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான சர்வதேசப் பயிற்சித் தொகுப்புகளிலும் இப்படி ஆசிரியர்களே கூடிப் பேசுவதற்கு இடம் வைத்திருக்கிறார்கள், நாங்கள் அதை பிளேன்டீயோடு செய்கிறோம், அவ்வளவுதான். முதல் இரண்டு கூட்டங்களில் பஸ் போய்விடும் என்று பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். இப்போது பஸ் நேரத்தை வைத்துத்தான் கூட்டமே.

கப்பல் வரைந்த பிள்ளையின் டீச்சர் அந்த வட்டத்தில் இருந்து ஒரு யோசனையை எடுத்துக்கொண்டு போனார். ஒரு பிரிஸ்டல் போர்டை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் நம் சொல், வலப்பக்கம் அவள் சொல், எழுதும் பொறுப்பு அவளுக்கே. மூலகம், தனிமம். கலம், செல். ஒரு மாதத்துக்குப் பிறகு நான் (கோப்பில்லாமல்) போனபோது போர்டில் இடம் தீர்ந்து, ஓரத்தில் கலண்டர் தாள் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அதில் மூன்றாவதாக ஒரு வரிசை, பென்சிலால், வேறு யாரோ ஒரு பிள்ளையின் கோணல் எழுத்தில். கலத்துக்கு நேரே ‘சைலய’ என்று சிங்களச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தது. யார் எழுதியது என்று டீச்சருக்கும் தெரியவில்லை.