ஐந்து சென்ரிமீற்றர் சிப்பாய்க்கு உருமறைப்புச் சட்டை

உருமறைப்புச் சீருடையின் வேலையே மனித உருவத்தை உடைத்துப் போடுவதுதான். தோள் எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று பார்க்கிறவருக்குப் பிடிபடக் கூடாது. ஆனால் 1/35 அளவு மொடல் சிப்பாயை மேசையில் வைத்துப் பெயின்ட் பண்ணுகிற நமக்கு வேண்டியது நேர்மாறு: தோளும் தெரிய வேண்டும், முழங்கை மடிப்பும் தெரிய வேண்டும், சட்டை சட்டையாகவும் இருக்க வேண்டும். இந்த இழுபறி புரியாமல் டிசைனை மட்டும் பார்த்து அச்சாக வரைந்தால் கடைசியில் மேசையில் நிற்பது ஒரு கறுத்த உருண்டை. என் முதல் சிப்பாய்கள் எல்லாம் அப்படித்தான் ஆனார்கள்.

முதலில் தூரக் கணக்கு. 175 சென்ரிமீற்றர் ஆள் 1/35 இல் 5 சென்ரிமீற்றர். அவரை 30 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்துப் பார்ப்பது, நிஜ ஆளைப் பத்தரை மீற்றர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். லயத்து வாசலில் நின்றுகொண்டு பீலியில் தண்ணீர் பிடிக்கிறவரைப் பார்க்கிறோமே, கிட்டத்தட்ட அந்தத் தூரம். நல்ல கண்ணால் பிரித்துப் பார்க்க முடிவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. பத்தரை மீற்றரில் அது 3 மில்லிமீற்றர். அதனால் நூல், நெசவு, தையல் எதையும் வரைய வேண்டாம். உள்ளங்கை அகலத் திட்டு மொடலில் 3 மில்லிமீற்றர் வரும், அதில் மட்டும் கவனம் வைத்தால் போதும்.

திட்டின் அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்கர்களின் வுட்லண்ட் சீருடையே சாட்சி. 1948 இல் அவர்கள் உருவாக்கிய இலை டிசைன் கிட்டத்தில் நன்றாகவே மறைத்தது, ஆனால் தள்ளிப் போகப் போகத் திட்டுகள் கண்ணுக்குள் கலந்து ஒரே கரும்பச்சையாகிவிடும். அதே டிசைனை 60 சதவீதம் பெரிதாக்கியதுதான் 1981 இல் வந்த வுட்லண்ட்: மணல் நிறம், பச்சை, மண்ணிறம், கறுப்பு. நாம் மொடலில் திட்டைச் சின்னதாகவும் நெருக்கமாகவும் வைத்தால் அந்தப் பழைய பிரச்சினையைத் திரும்பக் கூப்பிடுகிறோம்.

அடுத்தது நிறம். நிஜத் துணியின் நிறத்தையே கலந்து பூசினாலும் மொடல் இருண்டு தெரியும். நடுவில் இருக்கிற காற்றுத்தான் தூரத்து நிறத்தை வெளிற வைக்கிறது, அதனால்தான் வெளிறக் கலக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். எதிர்மலைத் தேயிலை நீலம் பூத்துத் தெரிவதற்கு அந்த விளக்கம் சரி, அங்கே நடுவில் கிலோமீற்றர் கணக்கில் காற்று இருக்கிறது. மூட்டம் இல்லாத பத்தரை மீற்றர் காற்று ஒன்றுமே செய்யாது. காரணம் வெளிச்சம். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் உச்சி வெயில் ஒரு லட்சம் வரை போகும், வீட்டு பல்ப் சில நூறு லக்ஸ்தான். வெயிலில் நின்ற சட்டையை அறைக்குள் காட்ட வேண்டுமென்றால் வெயிலையும் பெயின்டிலேயே கலக்க வேண்டும். கறுப்புத் திட்டுக்கு நான் கறுப்பே தொடுவதில்லை, மண்ணிறம் கலந்த கருஞ்சாம்பல்தான். மற்ற நிறங்களை வெளிற வைக்க வெள்ளையை விட இளமஞ்சள் நல்லது, வெள்ளை சுண்ணாம்பு பூசியது போல ஆக்கிவிடும்.

இப்போது உருவத்தை மீட்கும் வேலை. சந்தையில் வாங்கும் சாளை மீனைப் பாருங்கள், முதுகு கறுப்பு, வயிறு வெள்ளி. மேலிருந்து விழும் ஒளி முதுகை வெளிச்சமாக்கும், வயிற்றை நிழலாக்கும். மீனின் நிறம் அதற்கு எதிராக இருப்பதால் உருண்டையான உடம்பு தட்டையாகத் தெரிகிறது. இதை ஓவியர் அபட் தேயர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் விளக்கினார். நாம் செய்வது அதைத் தலைகீழாக: தோளும் முழங்காலும் வெளிச்சம், அக்குளும் மடிப்பின் அடியும் இருள்.

நிழலுக்கு ஒரே கலவை போதும், இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கரும்மண்ணிற அக்ரிலிக் பெயின்டை மீடியம் (நிறமில்லாத அக்ரிலிக் திரவம்) விட்டு நன்றாக இளக்கி, பிரஷைத் துணியில் ஒற்றிவிட்டு, மடிப்புக்குள் மெதுவாக இழுங்கள். ஒளி அந்தக் கண்ணாடி மாதிரியான படலத்தைத் தாண்டி உள்ளே போய்த் திரும்பி வருகிறது. படலம் பாதி ஒளியை விழுங்குகிறது என்றால், மணல் நிறத்திலும் பாதி போகும், பச்சையிலும் பாதி போகும். நான்கு நிறமும் ஒரே விகிதத்தில் இருள்வதால் டிசைன் குலையாது, நிழல் துணியின் மேல் விழுந்தது போலவே இருக்கும். வெளிச்சத்துக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. வெளிறிய பெயின்ட் ஒளியைச் சிதறடித்து அடியில் இருப்பதை மூடிவிடும், அதனால் ஒவ்வொரு திட்டின் மேல் விளிம்பையும் அந்தந்த நிறத்தின் வெளிறிய கலவையால் தனித்தனியாகத் தொட வேண்டும். ஒரு சட்டைக்கு எனக்கு இரண்டு இரவு போகும்.

கடைசியில் மட் வார்னிஷ், அதாவது பளபளப்பில்லாத வார்னிஷ். ஹட்டன் பக்கம் ஆனி, ஆடி மூட்டத்தில் ஸ்பிரே கேனைத் தொடவே தொடாதீர்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும், ஈரக் காற்றில் இருக்கிற தண்ணீர் அதில் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும், சட்டை முழுக்கப் பால் வெள்ளையாகிவிடும். ஒரு சிப்பாயை அப்படிக் கெடுத்துவிட்டு, வெயில் அடித்த ஒரு மத்தியானம் வரை காத்திருந்து அதே வார்னிஷை மெல்லியதாக இன்னொரு தடவை அடித்தேன். புதிய கரைப்பான் பழைய படலத்தை இளக்க, தண்ணீர் வெளியேறி, தோளில் இருந்த பச்சை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.