வெளிச்சத்தில் பதிவான குடும்பச் சண்டை

'தி ராயல் ஃபேமிலி ஆஃப் பிராட்வே' 1930-இல் ஹாலிவுட்டின் பாரமவுண்ட் நிறுவனம் எடுத்த நகைச்சுவைப் படம். வீட்டில் பாட்டி முதல் பேத்தி வரை எல்லோரும் மேடை நடிகர்கள். ஒருவர் முடிக்குமுன் இன்னொருவர் பேச ஆரம்பித்துவிடுவார். அமெரிக்காவின் புகழ்பெற்ற நடிகர் குடும்பமான பேரிமோர் குடும்பத்தைக் கிண்டல் செய்து 1927-இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் மேடை ஏறிய நாடகம்தான் மூலம். பேச்சு தெளிவாகக் கேட்காவிட்டால் இந்தப் படத்தில் சிரிப்பே வராது. அந்தப் பேச்சைப் பிலிமில் பதித்த விதம் அபாரமானது.

மைக் குரலை மின்சாரமாக மாற்றும். அதைப் பெருக்கி, காந்தப்புலத்தில் இழுத்துக் கட்டிய இரண்டு மெல்லிய உலோக நாடாக்களுக்கு அனுப்புவார்கள். நாடாக்களுக்கு நடுவே இடைவெளி மிக மிகக் குறுகியது. குரலுக்கு ஏற்ப அது விரிந்து சுருங்க, அதன் வழியே புகும் வெளிச்சம், ஓடும் பிலிமில் ஒரு மெல்லிய பட்டையாக விழும். கழுவிப் பார்த்தால் கறுப்பும் சாம்பலுமாக நெருக்கமான குறுக்குக் கோடுகள். நொடிக்கு 24 பிரேம் என்றால் பிலிம் 457 மில்லிமீட்டர் ஓடுகிறது. நொடிக்கு 5000 அதிர்வு கொண்ட ஒலியின் ஓர் அலைக்குக் கிடைக்கும் இடம் வெறும் 0.09 மில்லிமீட்டர்!

தியேட்டரில் இதற்கு நேர் தலைகீழ். பட்டை வழியே பாயும் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை ஒளிமின்கலம் மின்சாரமாக்க, ஸ்பீக்கர் பேசும். ஆனால் ஒரு சிக்கல். படம் தெரிய ஒவ்வொரு பிரேமும் விளக்கின் முன் ஒரு கணம் நிற்க வேண்டும். ஒலிக்கோ பிலிம் சீராக ஓட வேண்டும், இல்லையென்றால் குரல் நடுங்கும். அதனால் ஒலியைப் படிக்கும் இடத்தைத் தள்ளி வைத்து, ஒலியைப் படத்துக்குச் சுமார் 20 பிரேம் முன்னதாக அச்சிட்டார்கள்.

பேசும் படம் வந்த புதிதில், சத்தம் போடுகிறது என்று கேமராவைக் கண்ணாடிக் கூண்டில் அடைத்தார்கள். அசையவே முடியாது. இரைச்சலை அடக்கும் உறை வந்த பிறகுதான் கேமரா வெளியே வந்தது. இந்தப் படத்தில் நடிகர் ஃபிரெட்ரிக் மார்ச் உடைகளைக் களைந்தபடியே மாடி ஏறுகிறார். பேசியபடி குடும்பமே பின்தொடர, கேமராவும் கூடவே மேலே போகிறது. எனக்குப் படத்திலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். அப்போது ஒலியை மறுபதிவு செய்தால் தரம் குறையும். ஆகவே பெரும்பாலும் படப்பிடிப்பின்போதே ஒலிப்பதிவாளர் குமிழ்களைத் திருகி, யார் குரல் மேலே, யார் குரல் கீழே என்று அந்த நொடியிலேயே முடிவு செய்தாக வேண்டும்.