33 நாள் வேலை 15 நாளில் முடிவது எப்படி?

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசாரில் என் மாமா சேலைக் கடை வைத்திருக்கிறார். தீபாவளிக்கு முன்னால் கடையை ரெனவேஷன் செய்ய வேண்டும் என்று வேலைகளை நோட்டில் வரிசையாக எழுதி, நாள்களைக் கூட்டினார். 33 வந்தது. "சீசனே போச்சு" என்று தலையில் கை வைத்துவிட்டார். பாயான் லெப்பாஸில் நான் திட்ட ஒருங்கிணைப்பாளராக வேலை பார்ப்பதால், அலுவலகத்தில் தினமும் திறக்கும் அதே வகைத் திட்ட மேலாண்மை மென்பொருளில் அவருடைய பட்டியலை ஏற்றிப் பார்த்தேன். 15 நாள் என்றது.

அந்த 15 எங்கிருந்து வந்தது? மாமா நாள்களை மட்டும் எழுதியிருந்தார். மென்பொருளோ ஒவ்வொரு வேலைக்கும் இன்னொரு கேள்வி கேட்கும்: இது தொடங்க, எது முடிந்திருக்க வேண்டும்?

பழைய அலமாரிகளைப் பிரிக்க 2 நாள். அது முடிந்தால்தான் வயரிங், 4 நாள். வயர் உள்ளே போன பிறகுதான் சீலிங், 3 நாள். பிறகு பெயிண்ட் 3, புது அலமாரி பொருத்த 2, சேலைகளை அடுக்க 1. இந்தச் சங்கிலி 15 நாள். தரை ஓடு பதிக்க 3 நாள் வேண்டும், ஆனால் பழைய அலமாரி போனதுமே அதைத் தொடங்கலாம். புது அலமாரி ஆசாரியின் பட்டறையில் 9 நாளில் தயாராகும், பெயர்ப்பலகை வேறொரு பட்டறையில் 6 நாளில். இந்த இரண்டும் முதல் நாளே தொடங்கிவிடும்.

ஒன்றையொன்று சார்ந்த இந்த வேலைகளின் வலையை மென்பொருள் இரண்டு முறை நடந்து பார்க்கிறது. முதலில் முன்னோக்கி: ஒவ்வொரு வேலையும் எவ்வளவு சீக்கிரம் முடியக்கூடும்? பிறகு கடைசி நாளிலிருந்து பின்னோக்கி: எவ்வளவு தாமதித்தாலும் கடைத் திறப்பு தள்ளிப் போகாது? இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் தளர்வு. ஆசாரியின் அலமாரி 9-ஆம் நாளே தயாராகும், தேவைப்படுவது 12-ஆம் நாளின் முடிவில். எனவே தளர்வு 3 நாள். தரை ஓட்டுக்கு 7, பெயர்ப்பலகைக்கு 9. வயரிங்குக்குத் தளர்வே கிடையாது. இப்படித் தளர்வு சுழியமாக இருக்கும் வேலைகளின் சங்கிலியைத்தான் கிரிட்டிக்கல் பாத் என்கிறார்கள்.

1950-களின் இறுதியில் டூபாண்ட் ரசாயன நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் கணினி நிறுவனமான ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் இந்த முறையை உருவாக்கினார்கள். கணக்குப் போட ஓர் அறையை அடைக்கும் யூனிவாக் கணினி தேவைப்பட்டது. இன்று அதே கணக்கைக் கைப்பேசியில் போட்டுவிடலாம்.

நான்காம் நாள் கடைக்குப் போனேன். வயரிங்காரர் வரவில்லை. மாமாவோ போனில் ஆசாரியிடம் கத்திக்கொண்டிருந்தார். "மாமா, ஆசாரியை விடுங்க. அவர் கையில மூணு நாள் இருக்கு. வயரிங்காரரைப் பிடிங்க" என்றேன். எந்தத் தாமதத்துக்குப் பதற வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைப் பிரித்துச் சொல்வதுதான் இந்த மென்பொருளிடம் எனக்குப் பிடித்த குணம். ஆனால் ஆசாரி 4 நாள் தாமதித்திருந்தால் கதை மாறியிருக்கும். சங்கிலியே அவர் பட்டறை வழியாகத் திரும்பி, மொத்தம் 16 நாளாகியிருக்கும். அதனால்தான் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மென்பொருள் மறுபடி கணக்குப் போடுகிறது.

திரையில் தெரியும் தேதியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அலமாரி பொருத்த பெயிண்ட், தரை, புது அலமாரி மூன்றும் முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் குறித்த நாளில் முடிய 80% வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் தாமதம் மற்றொன்றைப் பாதிக்காவிட்டால், மூன்றும் சேர்ந்து முடிய வாய்ப்பு 0.8 × 0.8 × 0.8, ஏறக்குறைய 51% மட்டுமே. பல வேலைகள் வந்து கூடும் இடத்தில் தாமதம் நடப்பதற்கு யாரும் சோம்பேறியாக இருக்க வேண்டியதில்லை.

கடை ஒருமுறை திறந்தால் வேலை முடிந்தது. அலுவலகத்தில் வேலைகள் வந்துகொண்டே இருக்கும். அதற்குத்தான், வேலைக்கு ஓர் அட்டை எழுதி, வேலை முன்னேற முன்னேற அதை இடமிருந்து வலமாக நகர்த்தும் கன்பன் பலகை. அதன் வேர் டொயோட்டா தொழிற்சாலையில் இருக்கிறது. அதன் அடியில் ஓடும் கணிதத்துக்கு ஜான் லிட்டில் 1961-இல் நிரூபணம் தந்தார்: கையில் உள்ள வேலைகளின் எண்ணிக்கையை ஒரு நாளில் முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடிய ஆகும் சராசரி நாள் கிடைக்கும். கையில் 24 வேலை, நாளுக்கு 3 முடிகிறது என்றால் 8 நாள். அதே வேகத்தில், கையில் வைத்திருப்பதை 12-ஆகக் குறைத்தால் 4 நாள். யாரும் கூடுதலாக ஒரு நிமிடம்கூட உழைக்கவில்லை!

இன்னொரு கணக்கும் இருக்கிறது, ஒவ்வொரு மேலாளரும் அறிய வேண்டியது. வேலைகள் ஒழுங்கில்லாமல் வருகின்றன, முடிக்கும் நேரமும் ஏறி இறங்குகிறது. வரிசையில் காத்திருப்பதைக் கணக்கிடும் எளிய வரிசைக் கோட்பாட்டின்படி, சராசரியாக ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலைகளைச் செய்யும் ஊழியர் 80% நேரம் வேலையில் மூழ்கியிருந்தால், புது வேலை சராசரியாக 4 மணி நேரம் அவருக்காகக் காத்திருக்கும். 90% என்றால் 9 மணி நேரம், 95% என்றால் 19. மாலையில் பினாங்குப் பாலத்தில் கார்கள் ஊர்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஊழியரின் கையில் ஓய்வே இருக்கக் கூடாது என்று நிரப்பும்போது வேலைகள்தான் நின்றுபோகின்றன.

இதே பலகையை வைத்து ஆளை மதிப்பிடத் தொடங்கும்போதுதான் எனக்குக் கவலை வருகிறது. முன்பு கோலாலம்பூரில் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், மாதக் கடைசியில் யார் எத்தனை டிக்கெட் (பலகையில் ஒரு வேலைக்கான அட்டை) முடித்தார்கள் என்று தரவரிசை போடுவார்கள். எங்கள் குழுவில் ஓர் அக்கா இருந்தார். யாருக்குச் சிக்கல் என்றாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அவருடைய உதவியால் முடிந்த டிக்கெட்டுகள் எங்கள் பெயரில் ஏறின, பட்டியலில் அவர் கடைசி. மூன்று மாதத்தில் ஒரே வேலையை மூன்று டிக்கெட்டாக உடைக்க நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்டோம். எண்ணிக்கை ஏறியது. அதன் பிறகு அந்தத் தரவு எதற்கும் உதவவில்லை, தேதியைக் கணிக்கக்கூட.

தரக் கட்டுப்பாட்டு அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் தம் வகுப்புகளில் ஒரு செய்முறை காட்டுவார். பெட்டியில் 3200 வெள்ளை மணிகள், 800 சிவப்பு மணிகள். 50 குழியுள்ள துடுப்பால் ஒவ்வொருவரும் அள்ள வேண்டும், சிவப்பு வந்தால் குறை. கணக்குப்படி சராசரி 10. ஒருவருக்கு 6, பக்கத்தில் இருப்பவருக்கு 14 விழுவது வெறும் தற்செயல். டெமிங் மேலாளர் வேடத்தில் 6 எடுத்தவரைப் பாராட்டுவார், 14 எடுத்தவரைக் கண்டிப்பார். மாதாந்திரத் தரவரிசைகளிலும் இந்தத் தற்செயலின் பங்கு பெரிது. ஒரு மாத எண்ணை வைத்து ஒருவரின் போனஸை வெட்டுவது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது.

இப்போது எங்கள் பலகையில் ஆட்களின் எண்ணிக்கையை மறைத்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு அட்டையும் எத்தனை நாள் நகராமல் இருக்கிறது என்பது மட்டும் மூலையில் தெரியும். திங்கட்கிழமை காலை, வலது ஓரத்திலிருந்து தொடங்கி, 3 நாளுக்கு மேல் நின்ற அட்டைகளை மட்டும் பேசுவோம். சென்ற வாரம் ஒரு வரைபடம் 6 நாள் நின்றிருந்தது. வரைய ஆன நேரம் 40 நிமிடம். மீதியெல்லாம் ஒரு கையெழுத்துக்காக.